முதல் பக்கத்தில் முதல் தாம்பூலம்

மலையடிவாரம், திருத்தணி.
ஆடி பிறப்பதற்கு முன், 2008.

அன்பிலும் கோபத்திலும் ஒருநாளும் குறை வைக்காத பங்காரு பாவா அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பூஜைத்தட்டுக் கடை எல்லப்பன் ஒரு கையில் தேங்காயும் மறு கையில் பேனாவுமாக நின்று எழுதிக்கொள்வது. இங்கு நானும் மணியம்மையும் மகள் மோனிகாவும் மலைமேல் இருப்பவன் தயவில் சௌக்கியம். அங்கு தாங்களும் என் அக்கா தாயாரம்மாளும் சௌக்கியமா என்று வழக்கப்படி கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் தங்கள் சௌக்கியத்தைக் கெடுத்தவனே நான்தான் என்று தங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாக இருக்கும்போது அதை நானே கேட்பது முறையாகாது. ஆகையால் அக்காவை மட்டும் கேட்டதாகச் சொல்லவும்.

போனில் பேசலாம் என்றால் நான் "பாவா" என்பதில் "பா" சொல்வதற்குள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும், படவா உள்ளே என்னதான் எழுதினான் என்று துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கிற சுபாவம் தங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். "இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மண்ணை மிதிக்க மாட்டேன், அவன் காவடியை அவனே தூக்கி அவன் தோள்ல வெச்சிக்கட்டும்" என்று சொன்னீர்களாம். பாவா, நம் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியாததா? காவடியைத் தூக்கித் தோளில் ஏற்றுவது வீட்டு மாப்பிள்ளை கை. எனக்கு மீசை அரும்பிய வருஷம் தொடங்கி உங்கள் கைதான் ஏற்றுகிறது. வேறு யார் ஏற்றினாலும் என் தோள் ஒத்துக்கொள்ளாது. மணியம்மை ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: "அண்ணன் வந்து தூக்கி வெக்கலன்னா நீங்க காவடியே எடுக்க வேணாம். வூட்லயே உக்காந்துகினு கன்னத்துல போட்டுக்குங்க." இதுவரைக்கும் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஒரு கிரைண்டரால் விட்டுப்போயிற்று என்றால் அந்த ஆறுமுகன் ஆறு முகத்தாலும் சிரிப்பான்.

வினை எங்கே தொடங்கிற்று என்று பார்த்தால் அம்மையார்குப்பம் கல்யாணப் பந்தியில்தான். பாயசம் நன்றாக இருந்தது, நான் மூன்றாவது முறை கேட்டு வாங்கிவிட்டேன், வாய் இனித்துக் கிடந்த நேரம் பார்த்து நீங்கள், "ஏம்பா எல்லப்பா, உன் பொண்ணு கம்ப்யூட்டர்ல கிரைண்டருக்கெல்லாம் மார்க் போடறாளாமே, நம்ம பட்டறை கிரைண்டரு எங்க வரும்?" என்று கேட்டீர்கள். நான் யோசிக்கவே இல்லை. நம் வீட்டில் எந்த விசேஷமானாலும் முதல் தாம்பூலம் உங்களுக்கு, முதல் இலை உங்களுக்கு, போட்டோவில் நடு நாற்காலி உங்களுக்கு. கை அப்படியே பழகிவிட்டது, வாயும் அதே வழியில் போய்விட்டது. "இன்னா பாவா இப்படிக் கேட்டுட்டீங்க, முதல் பக்கத்துல முதல் இடம் உங்களுக்குத்தான்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவன் கம்ப்யூட்டரைப் பற்றி வாக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இந்த வலைத்தளம் என்பது என்ன என்று எனக்கே வெகு நாள் விளங்கவில்லை, பாவா. நான் நம் கடை மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். மலைக்கு வருகிறவர்களைப் பார்த்து "செருப்பை இங்கே உடுங்க, காசு வேணாம்" என்கிறோம், செருப்பை விட்டவர்கள் திரும்பி வந்து அதை எடுக்கத்தானே வேண்டும், அந்த வெட்கத்துக்குத் தேங்காய் பழம் நம்மிடமே வாங்குகிறார்கள், அதுபோல மோனிகாவும் யாருடைய செருப்பையோ கம்ப்யூட்டருக்குள் வாங்கி வைத்துக்கொண்டு கிரைண்டர் விற்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளே உட்கார வைத்துச் சொன்னாள். "நைனா, நான் எதுவும் விக்கறதில்ல. எது நல்லா அரைக்குது, எது தகராறு பண்ணுதுன்னு எழுதறேன். படிச்சவங்க அதுல தொட்டா, விக்கறவன் கடைக்குப் போயிடுவாங்க. அங்க வாங்கினா கடைக்காரன் எனக்குக் கமிஷன் தருவான், அவ்ளோதான்." எனக்கு விளக்குப் போட்டாற்போல் ஆகிவிட்டது. "ஆங்! ஸ்டேஷன்ல இருந்து ஆளுங்களை இட்டாந்து லாட்ஜில உடறானே நம்ம ஆட்டோ ஜெகநாதன், அவன் மாதிரி!" என்றேன். "அவனே மாதிரிதான் நைனா. ஆனா அவன் எந்த லாட்ஜில கமிஷன் ஜாஸ்தியோ அங்க உடறான். நான் எந்த லாட்ஜில மூட்டைப்பூச்சி இல்லையோ அங்க உடறேன்." பெற்ற மகள் பேசுவதைக் கேட்டு அப்படியே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிட்டால் அடுத்த நாள் காப்பி போட்டுத் தரமாட்டாள் என்று விட்டுவிட்டேன். இதில் இன்னொரு கூத்து, "நீங்கள் இங்கிருந்து போய் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்பதையும் அவள் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி எழுதியிருக்கிறாள். "அடிப்பாவி, எந்தத் தரகனாவது இதை வாயால சொல்லுவானா?" என்றேன். "சொல்லாததாலதான் நைனா தரகன்னாலே ஜனங்க பையை இறுக்கிப் பிடிச்சிக்கிறாங்க" என்றாள். ஜெகநாதனிடம் இதைச் சொன்னேன். அவன் அன்று முழுக்க என் கடைப் பக்கமே ஆட்டோவை நிறுத்தவில்லை.

இப்போது தங்கள் கிரைண்டருக்கு வருகிறேன். கோபப்படாமல் படிக்கவும், கோபப்பட்டாலும் தொடர்ந்து படிக்கவும். கல்யாணத்துக்கு முன்பே மோனிகாவுக்கு ஒருத்தி எழுதியிருந்தாளாம். ஆர்.கே.பேட்டையில் ஒரு குடும்பத் தலைவி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, "இந்தக் கிரைண்டர் உளுந்து அரைக்கும்போது நடந்து போகிறது" என்று. மோனிகா உடனே நம்பிவிடவில்லை. அவளுக்கு யார் என்ன சொன்னாலும் தானே அரைத்துப் பார்த்துத்தான் எழுதுவது. எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழாவுக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த கிரைண்டர் இருக்கிறதல்லவா, அது இந்நாள்வரை நடந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணியம்மை அதை அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறாள், பாவம், போக வழி இல்லாமல் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. மோனிகா அதை வெளியே இழுத்து, அக்கம் பக்கத்தில் இரவல் வாங்கிய மற்ற மூன்று கிரைண்டர்களோடு கூடத்தில் வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே உளுந்து, ஒரே ஊறல், ஒரே தண்ணீர் என்று அளந்து போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். மற்ற மூன்றும் நின்ற இடத்தில் நின்றன. நம்முடையது ஒரு குலுக்குக் குலுக்கியது, சபையில் எழுந்து பேசப் போகிறவர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் கொடுத்தது, பிறகு புறப்பட்டது பாருங்கள்! கூடத்தைக் கடந்து, டி.வி. ஸ்டாண்டுக்கு மரியாதையாக ஒதுங்கி, வாசற்படிக்கு நேராகப் போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியா மோனி, மலையைப் பாத்துப் போவுது! பாதயாத்திரை போவுது! இது சாமி கிரைண்டரும்மா, இதுக்குப் போயி மார்க்கைக் குறைக்கலாமா?" என்றேன். அதற்குள் வயர் இழுபட்டு பிளக் கழன்று வாசற்படியில் நின்றது. அந்த நேரம் பூ கொண்டுவந்து போடுகிற அம்மாள் உள்ளே கால் வைக்க வந்தவள், எதிரே கிரைண்டர் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா, வெளியே கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதை அன்றைக்கே தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் சொல்லவிடவில்லை. பாவா கம்ப்யூட்டர் இருக்கும் தெருவிலேயே போகாதவர், அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்ற தைரியம் வேறு. தாங்களோ என் வாக்கை நம்பி, பட்டறை ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு, வேலையை நிறுத்திவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பிரவுசிங் சென்டருக்கே போய் உட்கார்ந்தீர்களாம். முதல் பக்கம் திறந்தது, அதில் ஒரு கட்டத்தைத் தட்டினால் முதலில் யாரோ ஒருவர் கிரைண்டர். "கீழே இருக்கும்" என்றீர்களாம். கீழே இன்னொன்று. இன்னும் கீழே இன்னொன்று. கடைசியில் நம்முடையது, அதன் பக்கத்தில் "குறை: அரைக்கும்போது நடக்கிறது" என்று. அதைத் தங்கள் பட்டறையில் மோட்டாருக்கு வைண்டிங் போடும் பையன் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வேறு படித்தானாம். பாவா, அந்த இடத்தில் தங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் போனில் தாங்கள் பேசியதில் எழுதத் தக்கதாக இருப்பது இவ்வளவுதான்: "எங்க வூட்ல பத்து வருசமா ஓடுது, ஒரு அங்குலம் நகுந்ததில்லடா! வேணும்னா உங்க அக்காவையே கேளு! அந்த ஆர்.கே.பேட்டைப் பொம்பள யாருன்னு மட்டும் தெரியட்டும், அவ வூட்டு வாசல்ல போயி நின்னு நாலு வார்த்தை கேக்காம உட மாட்டேன்!" பிறகு போனை அக்காவிடம் கொடுத்தீர்கள். நான், "அக்கா, நடக்குதா?" என்றேன். அக்கா முதலில் ஒரு இருமல் இருமினாள். அப்புறம், "நான் இருக்கிற வரைக்கும் எப்படிடா நடக்கும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷம் பழகிய அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நம் மகள்தான் தப்பு என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

மோனிகாவிடம் போனேன். "அம்மாடி, மாமாவை மேல தூக்கி வெச்சிடும்மா, கிருத்திகை முடியற வரைக்குமாவது" என்றேன். மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சிரித்தாள். "நைனா, அது தாம்பூலத் தட்டு இல்ல, முறை பாத்து நீட்டறதுக்கு. எங்கியோ ஒரு பொண்ணு கல்யாணமாகிப் புது வூட்டுக்குப் போயி, இருக்கிற காசுக்கு எதை வாங்கறதுன்னு தெரியாம என் பக்கத்தைத் தொறக்கறா. அவளுக்கு உன் பாவா யாருன்னு தெரியுமா?" பதில் வராதபோது யோசனை சொல்வது என் பரம்பரை வழக்கம். "இடத்தை மாத்த வேணாம். பக்கத்தையே நல்லா மாத்திடலாம். இப்ப இருக்கிறது சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளையா கீது, ஒரு லட்சணம் வேணாமா? நான் போட்டுத் தரேன் பாரு" என்று சொல்லிவிட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு முதல் பக்கம் வரைந்தேன். அதன் அழகைக் கேளுங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் வள்ளி தெய்வானை சமேதராக முருகன். முருகனைச் சுற்றித் தெப்பத் திருவிழா போல சீரியல் பல்பு மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்தவுடன் நாதஸ்வரம் தானாக வாசிக்க வேண்டும். முருகன் காலடியில் தாங்கள் கைகூப்பி வரவேற்பது போல போட்டோ. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு நம் சொந்தக்காரர் அத்தனை பேர் பெயரும் ரயில் மாதிரி வரிசையாக ஓட வேண்டும், ஒருவர் பெயர் விட்டாலும் பொங்கலுக்குப் பேசமாட்டார்கள். அடியில், இடம் மிச்சமிருந்தால், கிரைண்டர்.

திட்டுவாள் என்று பார்த்தேன். இல்லை, பாவா. நான் வரைந்ததை ஒரு புள்ளி விடாமல் அப்படியே கம்ப்யூட்டரில் செய்து வைத்துவிட்டாள். பல்பு கூட நான் சொன்ன நிறத்தில். பெற்றவன் கிறுக்கியதை இவ்வளவு மதித்துச் செய்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும்? பிறகுதான் சொன்னாள்: "உன் பக்கமும் ரெடி, என் பக்கமும் ரெடி. எது நல்லாகீதுன்னு நாம சண்டை போட்டுக்க வேணாம் நைனா. கிரைண்டர் வாங்கறவங்களே சொல்லட்டும்."

கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தானே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். பள்ளிப்பட்டிலிருந்து ஒரு அம்மாள் புருஷன் மொட்டை போட்டுக்கொண்டு வரும்வரை கடை நிழலில் நின்றிருந்தாள். மோனிகா அவளை உள்ளே கூப்பிட்டாள். "இன்னாம்மா, கண்ணு டெஸ்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். "அதெல்லாம் இல்லக்கா. ஒரு கிரைண்டர் வாங்கணும்னு வந்திருக்கீங்கன்னு நெனச்சிக்குங்க. எங்க தொடணும்னு தோணுதோ அங்க தொடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி முதலில் என் பக்கத்தைத் திறந்தாள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பல்பு இத்தனை போட்டால் பக்கம் வந்து சேருவதற்குள் அரைத்த மாவு புளித்துவிடும் என்று மோனிகா முன்பே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. பிறகு நாதஸ்வரம் முழங்கிற்று, பல்பு மின்னிற்று, முருகன் பிரசன்னமானான். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்! முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்பனே, எங்க வூட்டுக்காரருக்கு மொட்டை போட்டாச்சி, இனிமேலாவது அவருக்கு நல்ல புத்தியக் குடு" என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து மானிட்டரின் நெற்றியில் வைத்தாள். மோனிகா மெதுவாக, "அக்கா, கிரைண்டர்…" என்றாள். "இரும்மா, சாமி முன்னாடி நின்னுகினு கிரைண்டரா கேப்பாங்க?" என்று அதட்டிவிட்டாள். நாதஸ்வரச் சத்தம் கேட்டு வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள், குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்தவுடன் ஒன்றும் கேட்காமல் வரிசையில் நின்றுவிட்டார்கள். நம் ஜனங்களுக்குக் குங்குமம் வைத்த இடத்தில் விசாரணை கிடையாது. ஒருவர் திருநீறு கேட்டார். ஒருவர் அர்ச்சனைச் சீட்டு எங்கே என்றார். ஒரு பெண் தங்கள் போட்டோவைக் காட்டி, "இவர்தான் இந்தக் கோயிலைக் கட்டினவரா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். இதைத் தாங்கள் நேரில் பார்த்திருந்தால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கியிருக்கும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியா மோனி, கூட்டம்!" என்றேன். "கூட்டம் வந்திச்சி நைனா. ஒருத்தருக்காவது கிரைண்டர் கண்ணுல பட்டிச்சா?" என்றாள். எல்லோரும் கும்பிட்டார்கள், ஒருவரும் கீழே வரவில்லை. என் பக்கத்தில் கிரைண்டர் இருக்கும் இடம் வரைக்கும் போனவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

அப்புறம் மானிட்டரைத் துடைத்துவிட்டு, அதே பள்ளிப்பட்டு அம்மாளை உட்கார வைத்து மகள் தன் பக்கத்தைத் திறந்தாள். கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. பாட்டு இல்லை, மின்னல் இல்லை. உச்சியில் ஒரே ஒரு கேள்வி: "யாருக்கு அரைக்கிறீர்கள்?" அதன் கீழே வீட்டு வாசல் போல மூன்று கட்டம். இரண்டு பேருக்கு, குடும்பத்துக்கு, விருந்துக்கு. அடியில் அந்தக் கமிஷன் கட்டம். அவ்வளவுதான், பாவா. நான் அத்தனை நாள் பார்த்து "காலியா கீது" என்று சொன்ன பக்கம். அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே "குடும்பத்துக்கு" என்பதில் விரலை வைத்தாள், மோனிகா அந்த இடத்தில் மௌஸைத் தட்டினாள். நாலு கிரைண்டர் வந்தது. கம்பெனிக்காரன் கொடுத்த பளபளப்புப் படம் இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாவும் கையுமாக மோனிகா எடுத்த படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை, ஒரு குறை, அரைத்துப் பார்த்தவர் யார் என்று ஒரு வரி. மணியம்மை பெயரும் இருக்கிறது, இட்லி சாப்பிட்டுப் பார்த்தவர் என்று என் பெயரும் இருக்கிறது. நாலு கிரைண்டர் இட்லியையும் மூன்று வேளையும் தின்று சாட்சி சொன்னவன் நான், அந்தத் தியாகத்துக்கு ஒரு வரி பெரிதில்லை. அந்த அம்மாள் வாய்விட்டுப் படித்தாள். "இது பெல்ட்டு சத்தம் போடுமாம். போட்டா போவட்டும், எங்க வூட்ல எல்லாருமே சத்தம் போடறவங்கதான்… ஐய, இது நடக்குதாமே! எனக்கு வேணாம்மா, நடக்கறதுக்கு வூட்ல ஒரு மாமியார் இருக்கு." பிறகு மோனிகாவை நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "குறையும் சொல்றியே கண்ணு, அப்ப நீ நிறைன்னு சொல்றதும் நெசமாத்தான் இருக்கும்." கமிஷன் கட்டத்தையும் படித்துவிட்டு, "வாங்கிக்கோ, உழைக்கிறே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கடை வைத்த நாளாகத் தேங்காயைத் தட்டித் தட்டி "கல்லு மாதிரி தேங்காம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அழுகின தேங்காயைப் பார்த்து ஒரு நாளும் "இது வேணாம், அடுத்ததை எடுத்துக்குங்க" என்று நானாகச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நல்ல தேங்காயையும் வாங்காமல் போய்விட்டார். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறாள் மகள். இருக்கட்டும். எனக்குப் பிறந்ததற்கு இவ்வளவு நேர்மை எங்கிருந்து வந்தது என்று மணியம்மையைக் கேட்டேன், "என் பக்கத்துலேருந்து" என்று யோசிக்காமல் சொன்னாள்.

இனி தங்களிடம் சொல்ல வேண்டியது. அந்தப் பக்கத்தில் "குறை" என்ற வரியோடு எல்லோரும் எழுந்து வந்துவிட்டீர்கள். அதற்கு மேலே உள்ள "நிறை" என்ற வரியை வைண்டிங் பையன் படிக்கவில்லை போலிருக்கிறது, நான் எழுதிக் காட்டுகிறேன்: "நாலு கிரைண்டர்களில் மாவுப் பதம் இதுவே சிறந்தது. பஞ்சு போன்ற இட்லி. கல் தேயவில்லை, மோட்டார் சூடாகவில்லை. செய்தவர் கை தேர்ந்த கை." பாவா, இதை எழுதியது தங்கள் உறவு முறை இல்லை, அரைத்துப் பார்த்த மகள். இதே மகள் முறை பார்த்து எழுதுகிறவளாக இருந்திருந்தால் இந்த வரிக்கு என்ன மதிப்பு? அவளிடம் கடைசியாக ஒரு முறை கேட்டேன், அந்த நடக்கிற வரியை எடுக்கக் கூடாதா என்று. "எடுக்கறேன் நைனா. மாமா காலுங்களுக்கு அடியில கனமான ரப்பரு போட்டு அதை நிக்க வெக்கட்டும், அன்னிக்கே மறுபடி அரைச்சிப் பாத்து எடுக்கறேன். நின்னு அரைச்சா முதல் இடம் வேற யாருக்கு? நான் வாங்கித் தர வேணாம், அதுவே வாங்கிக்கும்" என்றாள். ஆகவே நான் பந்தியில் கொடுத்த வாக்கு இப்போது என் கையில் இல்லை, தங்கள் பட்டறையில் நாலு ரப்பர் துண்டில் இருக்கிறது. போட்டால் போடுங்கள், போடாவிட்டால் போங்கள். ஆனால் கிருத்திகைக்கு வந்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் தாங்கள் எத்தனையாவது இடமோ எனக்குத் தெரியாது, என் காவடியைத் தூக்குகிற கையில் தங்களுக்கு அடுத்தபடியாக இரண்டாமிடத்துக்குக் கூட ஆள் கிடையாது.

அக்கா சொன்ன சாட்சியை நான் மறக்கவில்லை. பத்து வருஷமாக ஒரு அங்குலம் நகராத கிரைண்டர் தங்கள் வீட்டில் இருப்பது உண்மைதான். அது ஒன்று மட்டும் எப்படியோ தெய்வாம்சமாக அமைந்துவிட்டது என்று மோனிகாவிடம் வாதாடியிருக்கிறேன். அவள் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மற்றபடி இங்கே மழை இல்லை, கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது, மணியம்மை அண்ணனுக்கென்று அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். தங்கள் பட்டறை ஓங்கவும், தங்கள் கோபம் தணியவும், தணிகை என்று பெயர் வந்ததே அவன் கோபம் தணிந்த இடம் என்பதால்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வதைத் தாங்கள் நினைவில் கொள்ளவும், மலை இருக்கும் திக்கைப் பார்த்து வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் கை ஏற்றும் காவடிக்குத் தோள் காட்டி நிற்கும்,
மைத்துனன் எல்லப்பன்.

பி.கு.: மேலே எழுதியதில் காவடியையும் ரப்பரையும் விட்டு மற்றதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டப் போகும்போது மோனிகா ஓடிவந்து, "இரு நைனா, இப்பத்தான் அத்தை போன் பண்ணி, சொல்லிக்கலாம்னு உத்தரவு குடுத்துட்டாங்க" என்றாள். தாங்கள் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்பதாகச் சொன்னீர்களே, அந்த ஆர்.கே.பேட்டைக் குடும்பத் தலைவி, அவள் வீட்டுக்கு வழி தேட வேண்டாம். தங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்று உள்ளே பார்த்துக் கேட்கவும். அக்கா பத்து வருஷமாகக் கிரைண்டரின் காலைத் தன் காலால் மிதித்துக்கொண்டுதான் அரைக்கிறாளாம். தாங்கள் சமையலறைக்குள் வரும்போதெல்லாம் புடவைக் கொசுவம் மறைத்துவிடுமாம். "நான் இருக்கிற வரைக்கும் எப்படிடா நடக்கும்" என்று அவள் சொன்னது சத்திய வாக்கு. இப்போது கால் வலி தாங்கவில்லை என்று, அதே பிரவுசிங் சென்டரில் மோனிகாவின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, "குடும்பத்துக்கு" என்பதில் விரலை வைத்து, முதலில் வந்ததை வாங்கிவிட்டாள். கமிஷன் மருமகளுக்குத்தானே போகிறது என்ற திருப்தி வேறு. வருகிற வியாழக்கிழமை பார்சல் வரும், வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அக்கா அன்று காலை முதல் பஸ்ஸிலேயே இங்கே கிருத்திகைக்கு வந்துவிடுகிறாளாம், ஆகையால் அந்த வேலை தங்களுடையது. கையெழுத்துப் போட்ட கையோடு தாங்களும் புறப்பட்டு வரவும். வர மனமில்லை என்றால், அந்தப் பழைய கிரைண்டரின் சுவிட்சையாவது போட்டு வாசலில் விடுங்கள். இப்போது மிதிக்க ஆள் இல்லை, அது நேராக இங்கே வந்து சேர்ந்துவிடும்.